தண்ணீரில் சொன்னது

கொக்கோக் காயைக் கத்தியின் முதுகால்தான் தட்ட வேண்டும். கூர்ப்பக்கம் பட்டால் உள்ளே விதை அறுபடும், அறுபட்ட விதை பூசணம் பிடிக்கும். பிபியானா தட்டிப் பிளந்து கொடுக்க, கொலெட் வழுவழுப்பான வெள்ளைச் சதையோடு விதைகளை விரலால் வழித்து வாளியில் போட்டாள். கொட்டகைக்குள் புளித்த வாடை நிறைந்திருந்தது. பின்னால் உலர்த்தும் அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது.

"பெரியம்மா, அந்த மெல்பர்ன் அம்மா நாளைக்கும் வராங்க" என்றாள் கொலெட்.

"இன்னைக்கி யாரைக் கேட்டாங்களாம்?"

"தலைவரை. பாதிரியாரை. அப்புறம் ஹிலாரியனை. எல்லாம் ஆம்பளைங்க. ஒரு பொம்பளையாவது பேசலைன்னா இந்த ஊரை விட்டுட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க. அங்க இங்கிலீஷ்ல சொல்றதுக்கு அந்த ஊரு ஆளு இருக்கு. எனக்கு வேலை போயிடும்."

"அப்படி என்னதான் கேக்கறா?"

"அநியாயம் நடந்தா இந்த ஊர்ல யாருகிட்டப் போவீங்கன்னு."

பிபியானா சிரித்தாள். "மழைகிட்டப் போவோம்னு சொல்லு. கூப்பிடாமலே வர்றது அது ஒண்ணுதான்."

கொலெட் அவளுடைய தங்கை மகள். ஊரில் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற ஒரே பெண். போகன்வில் தீவில் சண்டை நடந்த ஊர்களில் நியாயம் எப்படிக் கிடைக்கிறது என்று ஆராய வந்த அந்த மெல்பர்ன் பெண் மெரெடித்துக்கு அவள் நாட்கூலிக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

சண்டைக் காலத்தில் பிபியானாவின் மூத்த மகன் ஆல்பினை மேல்தெருக் காசிமிரும் அவர் ஆட்களும் மலைப்பாதையில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. சண்டை ஓய்ந்து வெகுகாலம் கழித்து இரண்டு குலமும் சமாதானம் செய்துகொண்டன. தேவாலய முற்றத்தில் குழி வெட்டிக் கல் புதைத்தார்கள். காசிமிரும் பிபியானாவும் ஒரே பாக்கைக் கடித்துப் பங்கிட்டு மென்றார்கள். அன்றிலிருந்து அவர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கல்லுக்கு மேல் மண் தள்ளிய பிறகு அந்தப் பேச்சு இந்த மண்ணில் எழக் கூடாது. எடுத்தவர்தான் குற்றவாளி.

பையனின் எலும்பு கிடக்கும் இடத்தைக் காட்டுவதாகக் காசிமிர் அன்று வாக்குக் கொடுத்திருந்தார். முதலில் அவருடைய அக்காள் இறந்துபோனாள். துக்க வீட்டார் மண்ணைத் தோண்டக் கூடாது. பிறகு ஆற்றில் வெள்ளம். பிறகு காரணமே வரவில்லை. பிபியானாவால் அவருக்கு நினைவுபடுத்தவும் முடியாது. நினைவுபடுத்துவதும் பேச்சுதான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏண்டி, இந்த மண்ணுல பேசக் கூடாதுன்னுதானே வச்சாங்க?"

"ஆமா."

"கடலு மண்ணு இல்லியே."

கொலெட் வாளியிலிருந்து கையை எடுக்காமல் அவளைப் பார்த்தாள். "பவளத்திட்டைக்கு அந்தப் பக்கம் போயிட்டா யாரு கேக்கப் போறா" என்றாள் மெதுவாக.

மறுநாள் மூவரும் தோணியில் பவளத்திட்டையைத் தாண்டிப் போனார்கள். ஊர் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும் இடத்தில் பிபியானா துடுப்பை நிறுத்தினாள். மெரெடித் இரண்டு கையாலும் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஆனாலும் கேட்டாள். பிபியானா சொல்லச் சொல்ல, கொலெட் வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். பையனுக்கு மீன் தலை பிடிக்கும் என்பதைக்கூடச் சொன்னாள். மெரெடித் அழுதாள். பிபியானா அழவில்லை.

"எழுதறப்ப உங்க பேரையும் ஊர் பேரையும் மாத்திடுவாங்களாம் பெரியம்மா."

"பேரு கிடக்கட்டும். இதை இவங்க யாருகிட்டச் சொல்லுவாங்க?"

"மேல இருக்கறவங்க படிப்பாங்களாம்."

"படிச்சிட்டு? எலும்பு தேடற ஆளுங்களை அனுப்புவாங்களா?"

மெரெடித் நீளமாகப் பதில் சொன்னாள். அலை தோணியை ஒருமுறை திருப்பிவிட்டது.

"என்னடி சொல்றா?"

"தெரியலையாம். சொல்லிப் பாக்கறேங்கறாங்க."

மறு வருடம் மெரெடித் திரும்பி வந்தாள். பேசியவர்களுக்கு முதலில் திருப்பிச் சொல்வதுதான் மரியாதை என்று நினைக்கிறவள் அவள். ஊருக்கே சோறும் டப்பா மீனும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். தேவாலயத்துக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். ஆண்கள் பெஞ்சில் உட்கார, பெண்கள் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார்கள். பிபியானா கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்ததால் அவள் பாவாடையில் கொக்கோச் சதை காய்ந்து ஒட்டியிருந்தது.

மெரெடித் தான் எழுதியதை ஆங்கிலத்தில் படித்தாள். கொலெட் சொன்னாள். தலைவர்களை மக்கள் மதிக்கிறார்கள் என்றபோது தலைவர் ஒனேசிமஸ் முதுகை நிமிர்த்தினார். போலீஸ் படகில் பெட்ரோல் எப்போதும் இருப்பதில்லை என்றபோது எல்லோரும் சிரித்தார்கள்.

மெரெடித் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த வாசகத்தைக் கேட்டதும் கொலெட்டின் வாய் பாதியில் நின்றது. பிறகு, "சில தாய்மாருங்களுக்கு இன்னும் மனசுல வருத்தம் இருக்குதாம்" என்றாள்.

காசிமிரின் அக்காள் மகன் ஹிலாரியன் எழுந்தான். துறைமுகத்தில் வேலை பார்த்தவன். ஆங்கிலம் தெரியும்.

"என்ன கொலெட், அந்தம்மா ஒரு முழு மீனை வச்சாங்க, நீ எங்களுக்கு முள்ளை மட்டும் குடுக்கற?"

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது.

"அவ்வளவுதான் சொன்னாங்க" என்றாள் கொலெட்.

"இல்லியே. எனக்குக் கேட்டுதே."

"அப்ப நீயே சொல்லேன்."

"நான் எப்படிச் சொல்றது? நான் சொன்னா நான்ல மாட்டிக்குவேன்" என்று அவன் உட்கார்ந்துகொண்டான்.

ஒனேசிமஸ் கையை உயர்த்தினார். "விருந்தாளி பேச்சை மறைக்கிறது மரியாதை இல்லை. அவங்களையே திருப்பிச் சொல்லச் சொல்லு."

கொலெட் மெரெடித்திடம் தாழ்ந்த குரலில் வேகமாக ஏதோ சொன்னாள். மெரெடித் பாதி புரிந்தாற்போல் தலையை ஆட்டினாள். ஆனால் அதற்குள் ஒனேசிமஸ் அவளைப் பார்த்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று புன்னகை செய்தார். ஒரு வருடமாக ஊர்ப் பேச்சைப் படித்திருந்த மெரெடித்துக்கு அது விளங்கிவிட்டது. தன் பேச்சில் ஊருக்கு அக்கறை வந்த சந்தோஷத்தில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள்.

"ஒரு அம்மா. அவங்க மகன், சண்டையில செத்தான். கல் புதைச்சாங்க. அதனால அவன் எங்க இருக்கான்னு அம்மா கேக்க முடியாது. காட்டறேன்னு சொன்ன ஆளு இன்னும் காட்டலை."

பாயில் பிபியானாவுக்கு இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் காசிமிர் தலையைக் குனிந்து பாக்குக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

வழக்கு மறுநாளே நடந்தது. மெரெடித்தும் உட்கார அனுமதி கேட்டாள். ஒனேசிமஸ் நாற்காலி போடச் சொன்னார்.

"நான் மண்ணுல பேசலை" என்றாள் பிபியானா. "தண்ணியில பேசினேன். திட்டைக்கு அந்தப் பக்கம்."

"தண்ணியில பேசினது தண்ணியோட போயிருக்கணும்" என்றார் ஒனேசிமஸ். "கரைக்கு வந்துருச்சே."

"நானா கொண்டாந்தேன்? அவ கொண்டாந்தா."

"அவங்க விருந்தாளி. விருந்தாளிக்குத் தண்டம் போடற வழக்கம் இல்லை. அந்தச் சொல்லு உன்னுது."

"அவர் குடுத்த சொல்லு? அது யாருது?"

"பாருங்க, மறுபடியும்" என்றான் ஹிலாரியன்.

பிபியானா உட்கார்ந்துவிட்டாள்.

தீர்ப்பு முடிவாயிற்று. பழைய கல்லைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு கல் புதைக்க வேண்டும். சமாதானத்தை முறித்தவள் மேல்தெருவுக்கு ஒரு பன்றி கொடுக்க வேண்டும். காசிமிரின் பழைய வாக்கு பழைய கல்லோடு போயிற்று. புதுக் கல்லின்போது அவர் விருப்பப்பட்டால் புது வாக்குக் கொடுக்கலாம்.

கொலெட் சொல்லி முடித்ததும் மெரெடித் எழுந்துவிட்டாள். பன்றிக்குத் தானே பணம் தருவதாகச் சொன்னாள். பெயரை மாற்றினேனே, ஊரை மாற்றினேனே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"பேரை மாத்தினா, ஊரை மாத்தினா. பிள்ளையை மாத்த முடியலை" என்றாள் பிபியானா. "அவ காசு வேணாம்னு சொல்லிடு. குடுத்தா அதையும் எழுதுவா."

கொலெட் இரண்டாவது பாதியை மொழிபெயர்க்கவில்லை.

பிபியானாவிடம் ஒரே ஒரு பெண்பன்றிதான் இருந்தது. எலும்பு கிடைத்துப் புதைக்கும் நாளில் ஊருக்குச் சோறு போட வளர்த்தது. கொக்கோக் கொட்டகை வேலை முடிந்து வந்து தேங்காய்த் துருவலும் கிழங்குத் தோலும் போட்டு வளர்த்ததால் அதன் முதுகு அகன்று மினுங்கியது. அதை முன்னங்காலில் கயிறு கட்டி, கொலெட் பின்னாலிருந்து குச்சியால் தட்ட, பிபியானா மேல்தெருவுக்கு நடத்திக்கொண்டு போனாள். ஓடையில் அது இறங்க மறுத்தது. பிபியானா குனிந்து அதன் காதருகே நாக்கைச் சொடுக்கினாள். இறங்கியது.

காசிமிர் வீட்டுக்குப் பின்னால் நின்றிருந்தார். பன்றியின் முதுகை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்லா வளத்துருக்க, தங்கச்சி."

அவள் கயிற்றை அவரிடம் நீட்டினாள்.

"நெஞ்சுல ஒண்ணும் வச்சுக்காத. முறைன்னு ஒண்ணு இருக்கே. பாக்குப் போடறியா?"

"வாய் புண்ணா இருக்கு, அண்ணே."

அவர் கயிற்றை வாங்கி ரொட்டிப்பலா மரத்தின் அடியில் நீளமாக விட்டுக் கட்டினார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். பன்றி சுற்றிலும் மோந்தது. முதல் நாள் பெய்த மழையில் நிலம் இளகிக் கிடந்தது. அது மூக்கை உள்ளே நுழைத்து மண்ணைப் புரட்ட ஆரம்பித்தது.

"போலாம் பெரியம்மா" என்றாள் கொலெட். "வாங்க. பாக்கறாங்க."

பிபியானா நகரவில்லை. பன்றி ஓரடி முன்னேறி மறுபடி தோண்டியது. வேரும் கறுத்த மண்ணும் மேலே வந்து விழுந்தன. அவள் குனிந்து, புரண்டு விழும் ஒவ்வொரு கட்டியையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.