முதல் ஸ்டார்ட்டில் மட்டும்

“காத்தால ஆறு மணிக்கு அவங்க வூட்டாண்ட உனக்கு என்னடா வேலை?”

“அந்தத் தெருப் பக்கமே நான் போகலண்ணா.”

“போகாதவனுக்கு, வண்டி முதல் ஸ்டார்ட்டுல மட்டும் சத்தம் போடுதுன்னு எப்பிடிடா தெரியும்? கனவுல வந்து சொல்லிச்சா?”

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் போகும் ரோட்டில், வெள்ளையம்மாளின் டீக்கடை வாசலில் நடந்த கச்சேரி இது. கத்தியவன் முருகவேல், பதினைந்து வருஷமாக அங்கே மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். வாங்கிக் கட்டிக்கொண்டவன் அருண்பிரசாத். மூன்று மாதத்துக்கு முன் எதிர்ப்பக்கம் கடை திறந்து, வண்டிக்கு ஸ்கேனர் மாட்டி வைத்தியம் பார்ப்பவன். டீ குடிக்க வந்த ஆபீஸ்காரர்கள் நகரவில்லை. இரண்டாவது டீ சொன்னவர்களும் உண்டு.

சண்டை ஒரு காரைப் பற்றியது என்று முருகவேல் சொல்லிக்கொண்டான். அதை நம்பிய ஒரே ஆளும் அவன்தான்.

கார், கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் தேவிப்ரியாவுடையது. பதிமூன்று வயசு டீசல் வண்டி. அப்பா ஆதிமூலம் வாங்கியது. கண்ணில் புரை விழுந்த பிறகு சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். அந்த இன்ஜினின் நட்டு போல்ட்டெல்லாம் முருகவேலுக்கு மனப்பாடம். முப்பத்தாறு வயசாகியும் பெண் அமையாத அவனுக்கு, வண்டியைவிட வண்டிக்காரியின் பேச்சு இன்னும் நன்றாக மனப்பாடம். ஊரே ‘அண்ணா’ என்று கூப்பிட, அவள் மட்டும் ‘முருகவேல் சார்’ என்பாள். இந்த ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு அவன் மனசுக்குள் கல்யாண மண்டபம் வரைக்கும் போயிருந்தான்.

ஆறு வாரமாக அவள் ஒரு புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்ஜினில் என்னவோ சத்தம். மூன்று தடவை வண்டியைக் கொண்டுவந்தாள். மூன்று தடவையும் சத்தம் இல்லை. எப்படி இருக்கும்? வண்டி ஷெட்டுக்குப் போகும் முன் அண்ணாமலையை ஒருமுறை கிரிவலமாகச் சுற்றிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது ஆதிமூலத்தின் சட்டம். அடி அண்ணாமலை வழியாகப் பதினாலு கிலோமீட்டர் சுற்றி வந்து நிற்கும்போது இன்ஜின் கொதித்துக் கிடக்கும். “ஒண்ணும் இல்லீங்களே, சூப்பரா ஓடுதே,” என்பான் முருகவேல். கூடவே ஒரு டீ வாங்கிக் கொடுப்பான். அவள் அடிக்கடி வருவதற்குக் காரணம் சத்தம் இல்லை என்று வேறு நினைத்துக்கொண்டான்.

நாலாவது தடவை அவள் எதிர்க்கடைக்குப் போனாள். டைமிங் செயின் தேய்ந்துவிட்டது என்றான் அருண்பிரசாத். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். காலையில் அது மேலே ஏறி, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தள்ளும் வரை, தொய்ந்த செயின் மூடியில் அடிக்கும். மூன்று விநாடிதான். அப்புறம் அடங்கிவிடும். இதை அவள் வெள்ளையம்மாளிடம் சொல்ல, வெள்ளையம்மாள் டீயோடு சேர்த்து முருகவேலிடம் சொல்ல, அவன் காதில் செயின் விழவில்லை. ‘காலையில்’ மட்டும் விழுந்தது. அப்புறம்தான் இந்தக் கச்சேரி.

ஆபீஸ் கேட்டிலிருந்து தேவிப்ரியாவே வந்துவிட்டாள். யாரோ புண்ணியவான் போன் பண்ணியிருந்தார். அவள் போனை எடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டாள்.

“குட் மார்னிங், இதைக் கொஞ்சம் கேட்டுட்டு சொல்லுங்க...” என்றது அவள் குரல். பிறகு சாவி திரும்பியது. கரகரகரவென்று தகர டப்பாவில் சங்கிலியைப் போட்டு உலுக்கிய மாதிரி ஒரு சத்தம், சட்டென்று ஓய்ந்தது.

“இவருக்கு அனுப்பினது இதைத்தான். உங்களுக்குத்தான் முதல்ல அனுப்பினேன். ரோஜாப்பூ படம் அனுப்புனீங்க. முழுசா கேட்டீங்களா முருகவேலண்ணா?”

அண்ணா. டீக்கடையில் அத்தனை பேரும் கிளாஸுக்குள் பார்த்தார்கள்.

கேட்டிருந்தான். நூறு தடவையாவது. ‘சொல்லுங்க’ வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி ‘குட் மார்னிங்’குக்கே போய்விடுவான். நாலு விநாடிக்குப் பிறகும் அந்த மெசேஜில் ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

“இது இன்ஜெக்டர் சத்தம்,” என்றான், விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவனாக. “பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்.”

“பிரிங்கண்ணா,” என்றான் அருண்பிரசாத். “எனக்கு சந்தேகம்தான் சொல்லத் தெரியும். இந்த இன்ஜினைப் பிரிச்சு சேக்கற கை இந்த ரோட்டுலயே உங்களதுதான்.”

எதிரி கெட்டவனாக இருந்தால் பரவாயில்லை. இப்படி மரியாதை தெரிந்தவனாக இருந்துவிட்டால் வயிற்றெரிச்சலுக்கு மருந்தே கிடையாது.

மறுநாள் காலை முருகவேல் ஷெட்டில் தனியாக ஆயிலை இறக்கி, கீழ்த் தொட்டியைக் கழற்றினான். அடியில் கறுப்பாய் நகத்துண்டு மாதிரி பிளாஸ்டிக் சில்லுகள். செயின் உரசி உரசி, அதை விலகாமல் தாங்கும் கைடு உடைந்து உதிர்ந்தவை. முன்மூடியையும் எடுத்தான். டென்ஷனர் கம்பி முழுசாக வெளியே நீண்டு, இனித் தள்ள இடமில்லாமல் நின்றது. செயினை விரலால் அழுத்தினான். துவைத்த பூணூல் மாதிரி தொய்ந்தது.

சில்லுகளைத் துணியில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டான். மூடியை மாட்டிவிட்டு ‘இன்ஜெக்டர்தான்’ என்றால் கேட்க ஆள் இல்லை. எதிர்க்கடைக்காரன் பொய்யனாவான். அவளும் மறுபடி இங்கேயே வருவாள். ‘சார்’ என்றுகூடக் கூப்பிடலாம். வெளியே டீக்கடையில் அவளும் அருண்பிரசாத்தும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ரூவைக் கையில் எடுத்தும்விட்டான்.

ஆனால் அவன் மெக்கானிக். கண்ணை மூடினாலும் செயின் சக்கரத்தில் ஒரு பல் தாண்டுவதுதான் தெரிந்தது. வால்வும் பிஸ்டனும் இடிக்கும், இன்ஜின் நிற்கும். பௌர்ணமிக் கூட்டத்துக்கு நடுவே, கண் தெரியாத அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் நிற்பாள். பின்னால் லாரி வரும்.

சட்டைப்பையைக் காலி பண்ணிக்கொண்டு வெளியே வந்தான். சில்லுகளை டீக்கடை பெஞ்சில் கொட்டினான்.

“செயின்தான்.”

வெள்ளையம்மாள் கேட்காமலேயே ஒரு டீ வைத்தாள், சர்க்கரை ஜாஸ்தி.

புது செயினை அவன்தான் மாட்டினான், மூன்று நாள். அந்த மூன்று நாளில் அவன் டீக்கடை வாசலில் போட்ட சத்தம் ஊரைச் சுற்றி வந்து ஆதிமூலத்தின் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அதுவரை தேவிப்ரியாவையும் அருண்பிரசாத்தையும் சேர்த்து யாரும், அந்த இரண்டு பேருமேகூட, நினைத்ததில்லை. “காலையில வூட்டாண்ட வந்தான்னு சொன்னாங்களே, யாரும்மா அந்தப் பையன்?” என்று கேட்டார் ஆதிமூலம். விசாரித்தார்கள். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர், நிலம் இருக்கிறது, ஜாதகம் பொருந்துகிறது. தை மாதமே முகூர்த்தம்.

தேவிப்ரியா மாற்றல் வாங்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கே போய்விட்டாள். அருண்பிரசாத்தும் கடையை அங்கேயே மாற்றிவிட்டான். காலையில் அந்த வண்டி இப்போது சத்தமே போடுவதில்லையாம்.

முருகவேலுக்கு அடுத்த ஆவணியில் போளூர்ப் பெண் கவியாவோடு கல்யாணம் ஆனது. அவள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் எதுவும் நாலு நிமிஷத்துக்குக் குறையாது. ஒவ்வொன்றையும் அவன் கடைசி விநாடிவரை கேட்கிறான்.