மீசையோடு ஒரு படம்

லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து, விரல் நீள ரேம் பட்டையை வெளியே எடுத்து, அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள் கயல். மாடிப்படி வழியாக ஒப்பாரி ஏறி வந்தது. மயிலாப்பூர் கால்வாயோரக் குடியிருப்பின் வாசலில், ஷாமியானாவுக்கு அடியில், அவளுடைய நைனா பொன்னுரங்கம் காலையிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

தி.நகர் மாலை வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் ஜுவேரியா, ஆன் ஆகாத லேப்டாப்புக்கான வைத்தியத்தைப் போனில் வரிசையாகச் சொல்லியிருந்தாள். பேட்டரியைக் கழற்று. ரேமைத் தேய். திரும்ப மாட்டு. சார்ஜரை மட்டும் சொருகி அழுத்திப் பார். கயல் இரண்டு முறை அப்படியே செய்துவிட்டாள். நடுவில் ஏதோ ஒன்றைத் தப்பாகச் செய்கிறோம் என்றே தோன்றியது. எதைச் செய்தாலும் அவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

அது ப்ளஸ் டூவில் கவர்மென்ட் கொடுத்த லேப்டாப். அந்த வீட்டுக்குள் வந்த முதல் கேமராவும் அதுதான். வந்த அன்றைக்கு நைனா ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து மீசையை முறுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே மீசைதான். பிறகு வெள்ளம் ஆல்பங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று. பரண்மேல் கிடந்த இது தப்பியது. அடுத்த வருடமே வாயில் புற்று. ஆபரேஷனில் பாதித் தாடையோடு மீசையும் போனது. டச் போன் வீட்டுக்கு வந்தது அதற்கும் பிறகுதான். அதிலிருந்த எந்தப் படத்திலும் அவர் துண்டால் வாயை மூடியிருந்தார். துண்டு இல்லாவிட்டால் கையால்.

போன வாரம், தண்ணீரும் இறங்காமல் போன பிறகு, அவள் கையைப் பிடித்து எதையோ குழறினார். இரண்டு முறை கேட்ட பின்தான், கண்ணீர் அஞ்சலி பேனரைச் சொல்கிறார் என்று புரிந்தது.

"பேனர்ல... மீச."

"சரி நைனா" என்றிருந்தாள்.

அண்ணன் அறிவு படியேறி வந்து வாசலிலேயே நின்றான். "இன்னாடி, உன் மீச பஞ்சாயத்து இன்னும் முடியலியா? பேனர் கடக்காரன் போன் மேல போன் போட்டுக்கினு கீறான். நான் ஆஸ்பத்திரி கார்டு போட்டோவ அனுப்பிட்டேன்."

"அதுல நைனாக்கு பாதி மூஞ்சிதானே ணா கீது?"

"கீற மூஞ்சியத்தானே போட முடியும்?" சொன்னவன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பத்து நிமிசம் டைம் குட்த்துக்கிறான். அதுக்குள்ள அனுப்பினா மாத்துவான். இல்லாங்காட்டி அச்சு ஏத்திடுவான்."

அவன் இறங்கிப் போனான். கயல் ரேமை மாட்டினாள். பொத்தான் எப்போதோ உள்ளே விழுந்துவிட்டதால் அந்த ஓட்டையில் ஹேர்பின்னை விட்டு அழுத்தினாள். உள்ளே விசிறி இருமிக்கொண்டு சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஊர்ந்தன. டிஸ்கைச் சோதிக்கிறதாம். அறுபது சதவீதம் ஆயிற்று. எழுபது ஆயிற்று.

மின்சாரம் போய்விட்டது. பேட்டரி இல்லாததால் திரையும் அணைந்தது.

குடியிருப்பு முழுக்க ஒரு சலிப்புக் குரல் எழுந்து அடங்கியது. கீழே ஒரு ஜெனரேட்டர் படபடத்துக் கிளம்பியது. ஐஸ் பெட்டிக்கார விக்கி கையோடு கொண்டுவந்திருந்தது அது. கயல் லேப்டாப்பைக் குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு, சார்ஜர் வயர் படிகளில் இழுபட, கீழே ஓடினாள்.

"விக்கி, இத்த மட்டும் சொருவிக்கிறேன்டா."

"இன்னாக்கா நீ? சின்ன ஜெனரேட்டர்க்கா இது. பொட்டியவே முக்கிக்கினு இழுக்குது. இன்னொன்னு சொருவினா ஆஃப் ஆயிடும்."

"அப்ப பொட்டிய கொஞ்ச நேரம் நிறுத்து."

"மூஞ்சி ஊதிப்பூடும்க்கா. நாளைக்கி என்னத்தான் கேப்பாங்க."

பெட்டியின் தலைமாட்டில் அம்மா தேவானை உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை, அழவும் இல்லை.

"இனிமே கெட்டுப்போறதுக்கு அந்த மூஞ்சில இன்னாடா கீது?" என்றாள்.

 அவளே குனிந்து, வயரைப் பிடித்து பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் உறுமல் நின்றது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கயல் அந்த இடத்தில் சார்ஜரைச் சொருகி, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஹேர்பின்னை அழுத்தினாள். எழுத்துகள் முதலிலிருந்து ஊரத் தொடங்கின. பத்து. இருபது. பெட்டிக் கண்ணாடியில் ஓரத்திலிருந்து பனி படர்ந்து, நைனாவின் தாடையைச் சுற்றித் தலையில் முடிந்திருந்த வெள்ளைத் துணியை முதலில் மறைத்தது. அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"பாருடி, எங்க அண்ணனுக்கு வேர்க்குது."



திரையில் ஒருவழியாகப் பச்சைப் புல்வெளிப் படம் வந்தது. கயல் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தாள். ஸ்கூல் பாடம். சினிமாப் பாட்டு. அதற்கடியில் கேமராப் படங்கள்.

அவர் கேமராவைப் பார்க்கவில்லை. சற்றுக் கீழே, திரையில் தெரியும் தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை மீசை நுனியில் இருந்தது. சிரிப்பை அடக்கிய முகம். பின்னால், டம்ளர் பிடித்த ஒரு கை மட்டும். தேவானையின் கை.

கயல் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டுக் கடைக்காரனைக் கூப்பிட்டாள்.

"அச்சாயிடுச்சுக்கா. பையன் எட்த்துக்கினு கெளம்பிட்டான்."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவன் வைத்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எந்த இடத்தில் நேரம் போயிற்று என்று மனம் முதலிலிருந்து அடுக்கிப் பார்க்க ஆரம்பித்தது. பேட்டரி. ரப்பர். ஹேர்பின்.

"ஆச்சுல்லக்கா? பொட்டிய சொருவட்டா?" விக்கி குனிந்தான்.

தேவானை பெட்டியின் பிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். விக்கி அவளைப் பார்த்தான். பிறகு அறிவைப் பார்த்தான். "சீக்கிரமே எட்த்துருவோம்" என்று அறிவு வேறெங்கோ பார்த்துச் சொன்னான்.

தேவானை லேப்டாப்பைத் தூக்கி, பெட்டிக் கண்ணாடியின் மேல், முகம் இருக்கும் இடத்தில் வைத்தாள். திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து மாலையோடு வந்தவர்களில் முன்னால் நின்றவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மீச..." என்றார். மாலையை எங்கே போடுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

பேனர் வந்தது. அறிவு பாதி விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுருட்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிறுத்திவைத்தான். கட்டுவதற்குக் கயிறோடு வந்தவனிடமிருந்து கயிற்றை மட்டும் வாங்கிக்கொண்டான்.

திரை மங்கியது.

"சும்மா உட்டா அணைஞ்சிடும்மா" என்றாள் கயல். "அப்பப்ப தொடணும்."

தேவானை எழுந்து, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, அவள் காட்டிய இடத்தில் மெல்லத் தொட்டாள். வெளிச்சம் வந்தது. உட்கார்ந்தாள். கண்ணாடியில் பனி கோத்து, சொட்டுச் சொட்டாக ஷாமியானாவின் பாயில் இறங்கியது. திரை மறுபடி மங்க, அவள் மறுபடி எழுந்தாள்.