முன்வரிசை நாற்காலியும் ஓலைத் தட்டியும்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. சிவகிரி பஸ்ஸில், முட்டி இடிக்கும் சீட்டில் பிறந்தது. முன்சீட்டு அம்மாள் முத்துத்தாய், தன் வீட்டுக்காரர் பெருமையைத் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நானாகக் கேட்கவில்லை. எழுத்தாளன் என்று வாயை விட்டதற்குத் தண்டனை.

திருவிழா மலருக்குப் பத்திராதிபர் ஒரு கதை கேட்டிருந்தார்: தெய்வபக்தி, சங்கீதம், தகப்பன் மேல் பாசம், மூன்றும் வேண்டுமாம். அம்மாள் சொன்னதில் மூன்றும் இருந்தன. நாலாவதாகவும் ஒன்று இருந்தது. அதை மலரில் போட மாட்டார்கள்.

2.

"ராஜகோபுரத்தின் மேல் அந்திச் சூரியன் பொன்னை உருக்கி வார்த்த அவ்வேளையில், ஆயிரமாயிரம் பக்தர்கள்—"

(வேண்டாம். ஆடி மாசச் சங்கரன்கோவிலில் அந்தியில் தெரிவது புழுதி.)

சரி, இப்படி. 1952, ஆடித் தபசு. முத்துத்தாயின் வீட்டுக்காரர், தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் துரைப்பாண்டி, வயது ஐம்பத்திரண்டு, தன் தகப்பனாரை நாயனக் கச்சேரிக்குச் சௌகரியமாக அழைத்துப்போவதென்று தீர்மானித்தார்.

தகப்பனார் ஆறுமுகச்சாமிக்கு எழுபத்தாறு. பனவடலிசத்திரத்துச் சம்சாரி. நாயனச் சத்தத்துக்காக ஏரை நிறுத்திவிட்டு நடந்தே வந்தவர். ஆனால் மூன்று வருஷமாகத் திருவிழாப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கேட்டால், "முட்டு வலி மக்கா" என்பார்.

ஹெட்கிளார்க்குக்கு அது போதும். மனசுக்குள் 'முட்டு' என்று ஒரு ஃபைலைத் திறந்துவிட்டார். வில்வண்டி, அதில் வைக்கோல் மெத்தை, சாய்வு நாற்காலி, இரண்டு தலையணை, காதுக்கு மப்ளர், பிளாஸ்க் நிறையச் சுக்குக்காப்பி, நாலு இளநீர். தகப்பனாரைத் தவிர எல்லாரையும் கலந்து ஆலோசித்தார்.

3.

பந்தலில் முன்வரிசை, நட்டநடு. கமிட்டியாரிடம் சொல்லி வாங்கிய இடம்.

"ஏலே, அங்கன ஓரத்துல போடேம்லே" என்றார் கிழவர்.

"ஓரத்துல என்னய்யா தெரியும்? சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தார். ஒரு டம்ளர் சுக்குக்காப்பி. தோடி ஆலாபனை ஆரம்பித்தது. காற்று சிலுசிலுவென்று அடித்தது. இன்னொரு டம்ளர். தொண்டை காயக்கூடாது என்று ஓர் இளநீர். கிழவர் நெளிந்தார்; தொடையைத் தொடையோடு ஒட்டினார்; கண்ணை மூடினார். துரைப்பாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

(இந்த இடத்தில் "தோடியில் அவர் ஆன்மா கரைந்தது" என்று எழுதி அடித்தேன். கரைந்தது ஆன்மா அல்ல.)

ஆலாபனை உச்சத்தில் கிழவர் எழுந்தார். பந்தலே பார்த்தது. வாசிப்பவர் புருவம் உயர்ந்தது. மகன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார். "நடுவுல எந்திரிச்சா வித்வானுக்கு அவமானம்யா!"

கிழவர் மறுபடி உட்கார்ந்தார். மூடிய கண்ணோரம் ஈரம். அதையும் சங்கீதத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டார் மகன்.

பெண்கள் பக்கத்திலிருந்து முத்துத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள். ஆண்கள் வரிசையைத் தாண்டி, எல்லாரும் பார்க்க வந்து, புருஷன் காதருகே குனிந்தாள்.

"மாமா வேட்டிய நாந்தான தொவைக்கேன். முட்டுமில்ல, ஒண்ணுமில்ல. அரைமணிக்கு ஒருக்கா ஒதுங்கணும் அவுகளுக்கு. ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எப்பக் கேட்டிய?"

ஹெட்கிளார்க் தகப்பனாரைக் கைகொடுத்து எழுப்பினார். நாற்காலியை மடக்கித் தலையில் தூக்கினார். கிழவர் முன்னே, நாற்காலி பின்னே. கூட்டம் முணுமுணுத்தபடி வழிவிட்டது. பந்தலின் கடைக்கோடியில், ஆண்கள் ஒதுங்க ஓர் ஓலைத் தட்டி மறைப்பு. அதை ஒட்டி நாற்காலியைப் போட்டார். கிழவர் உட்காரக்கூட இல்லை; நேரே தட்டிக்குப் பின்னால் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஓலையில் விரல் தட்டும் சத்தம். தாளம் பிசகவில்லை.

திரும்பி வந்த முகத்தில் மூன்று வருஷம் இறங்கியிருந்தது. "இங்கனதாம்லே நாயனம் நல்லாக் கேக்கு."

4.

முடிவு. மகன் தகப்பன் காலில் விழுந்து கதறுகிறான். பத்திராதிபருக்குப் பிடிக்கும். ஆனால் அந்த இடத்தில் யாரும் விழ மாட்டார்கள். தரை அப்படி.

இன்னொன்று: "பெற்றோரின் தேவையறிந்து நடக்கும் பிள்ளைகளே—"

(இதற்கு ஸ்கூல் புஸ்தகம் இருக்கிறது.)

நடந்தது இதுதான். கிழவர் நாலாந்தடவை தட்டிக்குப் பின்னால் போனபோது, துரைப்பாண்டி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்ல எழுந்து பின்னாலேயே போனார். ஓலைத் தாளம் சட்டென்று நின்றது. கிழவர் குரல்:

"ஏலே, ஒனக்குமா?"

முத்துத்தாய் நாற்காலிப் பக்கத்திலேயே நின்றாலும், அந்தப் பக்கம் பெண்பிள்ளை எட்டிப்பார்க்க முடியாது. மகன் சொன்ன பதிலைத் தவில் விழுங்கிவிட்டதாம். நானும் எதையாவது இட்டுக்கட்டப் போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு யோசிக்கவே வேண்டியிராது.