ஒன்பது மில்லிமீட்டர் கோடு

நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னால் செத்துக் கல்லாகிப்போன ஒரு கடல்தேளின் வாலில், இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு கோடு விழுந்தது. நீளம் ஒன்பது மில்லிமீட்டர். காரணம், ஒரு தும்மல்.

தும்மியவர் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் வேலை பார்க்கும் ஊசிக்காரர். பாறைப் பலகைக்குள் புதைந்து கிடக்கும் பிராணிகளை ஊசியால் சுரண்டிச் சுரண்டி வெளியே எடுப்பது அவர் தொழில். காலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் நகமளவு இடம் சுத்தமாகும். மேஜைக்கு மேலே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் தொங்கும். சுரண்டும்போது கிளம்பும் தூசியை உறிஞ்சிக்கொள்வது அதன் வேலை. அன்றைக்குக் குழாய் ரிப்பேர். தூசி மூக்கில் ஏறியது. தும்மல் வந்தது. ஊசி வழுக்கி, வால்முள்ளின் நட்டநடுவே ஸ்கேல் வைத்துப் போட்டாற்போல ஒரு கோடு இழுத்துவிட்டது.

கை தவறினால் சேத நோட்டில் எழுதவேண்டும் என்பது விதி. அவரும் நோட்டைத் திறந்து தேதி போட்டார். மேற்கொண்டு எழுதுவதற்குள், மாடியில் ஆராய்ச்சி நடத்தும் பேராசிரியர் வந்துவிட்டார். இவருக்குக் கீழ்த்தளத்தில் 'கொடுக்கு' என்று பெயர். தொட்டாலும் கொட்டுவார், தொடாவிட்டாலும் கொட்டுவார். குனிந்து பார்த்தவர் நிமிரும்போது மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"இது என்ன?"

"சார், அது வந்து..."

"பேசாதீங்க. உலகத்துல எந்தக் கடல்தேளுக்கும் இப்படி ஒரு கோடு கிடையாது. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

புரியாதவர் வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஆண்டே 'கோடுவாலன்' என்று ஒரு புதிய பேரினம் அறிவிக்கப்பட்டது. அடையாளம், வால்கோடு. கோட்டை எடுத்துவிட்டால் அது ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்ட வேறொரு தேள். ஊருக்கெல்லாம் தெரிந்த சாதாரணத் தேள். கோட்டோடு இருந்ததால் அதைப் பார்க்க அறிஞர்கள் கப்பலேறி வந்தார்கள். கையுறை மாட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். நீச்சலில் தண்ணீர் வழுக்கிப்போக உதவும் வாய்க்கால் என்றார் ஒருவர். காது என்றார் இன்னொருவர். வாலில் எதற்குக் காது என்று மூன்றாமவர் நாற்பது பக்கம் மறுப்பு எழுதினார். வாசலில் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு வெண்கலக் கோடுவாலன் நிறுத்தப்பட்டது. அதன் கோட்டுக்குள் பெருக்குகிற அம்மாவின் கை மணிக்கட்டுவரை போகும்.

பேராசிரியரின் கட்டுரை முடிவில், 'திறமையாகச் சுத்தம் செய்த ஊழியருக்கு நன்றி' என்று ஒரு வரி இருந்தது. பெயர் போடவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டார் ஊசிக்காரர்.

இதோடு போயிருந்தால் அவர் நிம்மதியாக ஓய்வு பெற்று, தும்மலையும் பென்ஷனையும் சேர்த்து அனுபவித்திருப்பார். ஆனால் பெற்ற மகள் பேராசிரியரிடமே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். 'கோடுவாலனின் வால்கோடு: அமைப்பும் பயனும்' என்பது தலைப்பு.

"தலைப் பக்கமா ஏதாவது எடேன் பாப்பா. தலை எவ்வளவு நல்லா இருக்கு."

"தலையை எல்லாரும் எடுத்துட்டாங்கப்பா. வால்தான் காலியா இருக்கு."

ஐந்து வருஷம் ஆயிற்று. கோடு போட்ட பிளாஸ்டிக் வால் ஒன்று, கோடு போடாதது ஒன்று என்று செய்து தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டாள். இரண்டும் ஒரே மாதிரி நீந்தின. தண்ணீரை இன்னும் மெதுவாக ஓடவிடு என்றார் பேராசிரியர். தலைமுடி பாதியாகிவிட்டது அந்தப் பெண்ணுக்கு. கடைசியில் வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் கேட்டார்: ஒரே ஒரு தேளை வைத்துக்கொண்டு இத்தனை பேச்சா? இரண்டாவதைக் காட்டுங்கள்.

இரண்டாவதும் வந்தது. அதே பாறையடுக்கிலிருந்து ஒரு பலகை. ஓரத்தில் அதே வகைத் தேள் ஒன்றின் தலை எட்டிப் பார்த்தது. வால் உள்ளே இருந்தது.

"அப்பா, இதுல கோடு இருந்தா நான் தப்பிச்சேன். இல்லைன்னா அஞ்சு வருஷமும் தொட்டித் தண்ணியோட போச்சு."

ஊசிக்காரர் நாலு மாதம் சுரண்டினார். தலையிலிருந்து ஒவ்வொரு காலாக நகர்ந்தார். வாலுக்கு வர அவருக்கு அவசரமே இல்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வழுவழுவென்று வால் வெளியே வந்தால், தான் சொல்லவேண்டியதைக் கல்லே சொல்லிவிடும். கோடுவாலன் ஒழிவான். பாப்பா அழுவாள். அழுதுவிட்டு வேறு வேலை பார்க்க இன்னும் வயசிருக்கிறது. கோழையின் திட்டம்தான், ஆனாலும் திட்டம்.

வால் வழுவழுவென்றுதான் வந்தது. அறையில் யாரும் இல்லை. கையில் ஊசி இருந்தது. ஒன்பது மில்லிமீட்டர் என்ன பெரிய தூரம்? ஊசிக்காரர் அரை மணி நேரம் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார்.

மறுநாள் பேராசிரியர் பரிவாரத்தோடு இறங்கி வந்தார். குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். மகள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். உறிஞ்சுகுழாயின் இரைச்சல் மட்டும் கேட்டது.

பேராசிரியர் நிமிர்ந்தார்.

"பெண்!"

யாருக்கும் விளங்கவில்லை.

"இது பெண்ணுய்யா! அது ஆண்! கோடு ஆணுக்கு மட்டும்தான். எதுக்கு? பெண்ணை மயக்க! மயிலுக்குத் தோகை மாதிரி!" மகள் பக்கம் திரும்பினார். "நீ அஞ்சு வருஷமா நீச்சல்ல தேடினது தப்பும்மா. காதல்ல தேடியிருக்கணும். இன்னும் ரெண்டு வருஷம் எடுத்துக்கோ. இன்னொரு ஆண் கிடைச்சா முடிஞ்சுது."

பரிவாரம் கைதட்டியது.

அன்று சாயங்காலமே ஊசிக்காரர் மாடிக்குப் போனார். சேத நோட்டையும் கையோடு கொண்டுபோய், தும்மலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தார். பேராசிரியர் நோட்டைப் புரட்டினார்.

"தேதிதான் இருக்கு."

"அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க சார்."

பேராசிரியர் எழுந்துவந்து தோளில் கை போட்டார். இருபத்துநான்கு வருஷத்தில் முதல் தடவை. "ரிட்டயர் ஆகிற நேரத்துல எல்லாருக்கும் இப்படித்தான் தோணும். கோடுவாலனைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, நீங்கதான்னு சொல்ல வர்றீங்க. அதானே? உழைச்ச மனுஷன், ஆசை இருக்கும்தான். உங்களுக்கு ரெண்டு வருஷம் நீட்டிப்பு வாங்கித் தரேன், போங்க."

கீழே படிக்கட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தேநீர் ஆடை படிந்து ஆறியிருந்தது. ஊசிக்காரர் ஒரு படி கீழே உட்கார்ந்து அதே கதையை மறுபடி சொன்னார். இந்தத் தடவை சீக்கிரம் முடிந்துவிட்டது.

"தும்மலா?"

"ஆமா பாப்பா."

"ஒரே தும்மல்?"

"ஒண்ணுதான். குழாய் ரிப்பேரு. தூசி மூக்குல ஏறிடுச்சு."

அவள் தேநீர் ஆடையை விரலால் ஒதுக்கினாள். "நான் சேர்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"தைரியம் வரல."

"இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

அவர் சேத நோட்டை மடியில் திருப்பி வைத்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சார்கிட்ட சொன்னேன். நம்பல."

"நல்லதாப் போச்சு. இதோட விட்டுடுங்க."

"வேணாம் பாப்பா. வேற ஏதாவது..."

"வேற ஏதாவதுன்னா என்னப்பா? அஞ்சு வருஷம் படிச்சதுல எனக்கு உலகத்துல தெரிஞ்சது ஒரே ஒரு விஷயம். அது உங்க தும்மல்."

தேநீரைச் செடித்தொட்டியில் கொட்டிவிட்டு எழுந்து போனாள்.

எட்டு மாதம் கழித்து மூன்றாவது பலகை வந்தது. ஆணாக இருக்கும் என்று பேராசிரியர் மாடியிலிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார். ஊசிக்காரர் தலையிலிருந்து தொடங்கி, வழக்கம்போல் நகர்ந்து, ஒரு நாள் மத்தியானம் வாலுக்கு வந்து சேர்ந்தார். மகள் பக்கத்து ஸ்டூலில் இருந்தாள். இப்போதெல்லாம் தினமும் வந்து உட்காருகிறாள், பேசுவது குறைவு.

அவர் நுண்ணோக்கியிலிருந்து விலகி இடம் விட்டார். அவள் பார்த்தாள். வழுவழுவென்றிருந்த வால்முள்ளைப் பார்த்தாள். சுற்றிலும் இன்னும் சுரண்டவேண்டிய பாறைப் பொருக்கையும் பார்த்தாள்.

எழுந்தாள். சுவரோரம் போய் உறிஞ்சுகுழாயின் சுவிட்சை அணைத்தாள். தும்பிக்கை ஒரு முறை விம்மி அடங்கியது.

"கதவைச் சாத்திட்டுப் போறேன்ப்பா" என்றாள்.

சாத்திவிட்டுத்தான் போனாள்.

ஊசிக்காரர் கண்ணை நுண்ணோக்கியில் வைத்தார். ஊசியை எடுத்து வால்முள்ளை ஒட்டியிருந்த பொருக்கைச் சுரண்டத் தொடங்கினார். போவதற்கு வேறு இடம் இல்லாததால் தூசி மெல்ல மேலே வந்தது. கைக்குட்டை சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் எடுக்கவில்லை.