காற்று ஏற்றி வந்த லாரி

1

ஒரு கூடை நிறையப் பொரித்த அப்பளம் வாங்கினால், அதில் எவ்வளவு அப்பளம், எவ்வளவு காற்று என்று நீங்கள் என்றைக்காவது யோசித்தது உண்டா?

நான் யோசித்ததில்லை. ராஜபாளையத்திலிருந்து கிளம்பி, கடல் தாண்டிப் புர்வகார்த்தாவில் ஒரு நூற்பாலைக்கு ஃபிட்டராக வந்து, குருபுக் பட்டறைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கும்வரை யோசித்ததில்லை. குருபுக் என்றால் மரவள்ளி மாவில் செய்த அப்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விளக்கினால் இது கட்டுரையாகிவிடும். (ஏற்கெனவே பாதி அப்படித்தான் ஆகப்போகிறது.)

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் கற்பனை செய்யவில்லை. பட்டறைக்காரர், எனக்கு அறையை வாடகைக்கு விட்டவரும்கூட, தெத்தே மிமின்தான் என் தலையில் கட்டினார். தெத்தே என்றால் இங்கே அக்கா. என்னை அவர் ‘ஜாங்’ என்பார். வயதில் இளையவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“ஜாங், லீவு நாளெல்லாம் உக்காந்து என்னத்தையோ எழுதிட்டே இருக்கியே. என்னைப் பத்தி எழுதேன்.”

“உங்களைப் பத்தி என்ன தெத்தே எழுத?”

“ஹாஜி கோமாருக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு எழுது.”

“என்ன சொன்னீங்க?”

“அது எனக்கே இன்னும் தெரியல. நீ எழுதிப் படிச்சுக் காட்டு, தெரிஞ்சுக்கறேன்.”

தாளை வாங்கி ஒருமுறை பார்த்தார். “எழுத்தெல்லாம் என் குருபுக் மாதிரியே சுருண்டு சுருண்டு கெடக்கு. எண்ணெயில போட்டா பொரியும் போலயே.”

இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அதையே என் முதல் விமர்சனமாக எடுத்துக்கொண்டேன்.

2

முதல் வரி: ‘மழை பெய்துகொண்டிருந்தது.’

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் மழைதான் பிரச்சினை. பிரச்சினையை அலங்காரத்துக்கு வைக்கக்கூடாது.

இன்னொன்று: ‘ஏழைப் பெண்ணான மிமின், கணவன் இறந்தபின் தன்னந்தனியாக—’

இதையும் அடித்தேன். தெத்தேவுக்கு ஒரு தங்கப் பல்லும் இரண்டு மோட்டார் சைக்கிளும் உண்டு. கணவர் நன்றாக இருக்கிறார். புறா வளர்க்கிறார்.

கடைசியாக: ‘எந்தத் தொழிலிலும் உற்பத்தி பெருகப் பெருக, ஒரு பொருளின் அடக்கவிலை குறையும் என்பது—’

இது உண்மை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் நீங்களே இரண்டாவது வரிக்கு வரமாட்டீர்கள். தூக்கிப்போட மனமில்லாமல் ஓரமாக வைத்திருக்கிறேன். ஹாஜி வரும்போது தேவைப்படும்.

3

பட்டறையில் பிபி ஓனா என்கிற சித்தியும் இன்னும் இரண்டு பெண்களும் மாவு பிசைகிறார்கள். பூண்டும் இறால் விழுதும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் பிழிந்து, ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டிகளில் பரப்பி, கூரைமேல் காயவைக்கிறார்கள். காய்ந்ததைத் தெத்தே பொரிக்கிறார். பொரித்தது தகர டின்களில் போகிறது. டின்னுக்கு முன்பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு மேல் ‘மெலாத்தி’ என்று பெயர். இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடை எதற்குள் போனாலும் மேசையோரம் ஒரு மெலாத்தி டின் நிற்கும்.

கடைக்காரர் டின்னை வாங்குவதில்லை, குருபுக்கையும் வாங்குவதில்லை. எல்லாம் தெத்தேவுடையது. சாப்பிட வருகிறவர் தன் கையால் எடுத்துத் தின்றுவிட்டு, எழுந்து போகும்போது எத்தனை தின்றேன் என்று சொல்வார். விற்றதற்கு மட்டும் கடைக்காரர் தெத்தேவுக்குக் காசு தருவார். நமுத்துப் போனது தெத்தே தலையில்.

“பொய் சொல்லமாட்டாங்களா?” என்று வந்த புதிதில் கேட்டேன்.

“சொல்லுவாங்க. பஸ் ஸ்டாண்ட் கடைக்காரி தினம் ரெண்டைக் குறைச்சுத்தான் சொல்லுவா.”

“விட்டுடுவீங்களா?”

“அவ பொண்ணு கல்யாணத்துக்கு எங்கிட்டதானே மூட்டை மூட்டையா வாங்கினா. ரெண்டு போனா போகட்டும்.”

[இந்த இடத்தில் ‘இதுவல்லவோ மனித உறவு’ என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். தெத்தே அதை விளம்பரச் செலவாகத்தான் பார்க்கிறார்.]

4

கதைக்கு ஒரு வில்லன் தேவை. பக்கத்து ஊரான சுபாங்கிலிருந்து ஹாஜி கோமாரை வரவழைத்தேன். அடர்ந்த மீசை வைத்தேன். நிஜ ஹாஜி வந்து நின்றார். மீசையே இல்லை. வயிற்றுப்புண்ணுக்காக வெந்நீர் குடிக்கிற, மெதுவாகப் பேசுகிற மனிதர். மீசையைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

ஆனால் குருபுக் தொழிலில் பெரிய ஆள். மாவு பிசைய இயந்திரம், பிழிய இயந்திரம், காயவைக்க ஓர் அறை அளவுக்கு காஸ் அடுப்பு. மழையாவது வெயிலாவது, அவருக்கு ஒன்றுதான். (ஓரமாக வைத்த வரியை இங்கே பொருத்திக்கொள்ளுங்கள்.) ஒரு குருபுக் செய்ய அவருக்கு ஆகும் செலவு தெத்தேவின் செலவில் ஏறக்குறைய பாதி.

அப்படியென்றால் இந்த ஊரை அவர் எப்போதோ விழுங்கியிருக்க வேண்டும் இல்லையா? விழுங்கப் பார்த்தார். போன வருடம் பொரித்த குருபுக்கை லாரி நிறைய ஏற்றி அனுப்பினார். கோபுரம் மாதிரி உயர்ந்து, தார்ப்பாய் கட்டி, வளைவில் காற்றடித்தால் ஆடிக்கொண்டு வந்த லாரி. ஓட்டியவன் யாயத். நின்ற இடத்தில் பேச்சுக் கொடுக்கிற ஆள். வண்டி மில் வாசலில் பஞ்சர் ஆகி நின்ற அன்று ஜாக்கி போட்டுக் கொடுத்தேன். அப்போது சொன்னான் (காங் என்றால் அண்ணன்):

“காங், இந்த லாரியிலயே வெயிட்டான சரக்கு எது தெரியுமா?”

“எது?”

“நான்தான்.”

சிமென்ட் ஏற்றினாலும் காற்று ஏற்றினாலும் லாரிக்கு டீசல் ஊற்றித்தான் ஆகவேண்டும். அடுப்பு மிச்சம் பிடித்ததை வழியிலேயே லாரி குடித்துவிட்டது. வந்ததில் பாதி நொறுங்கியும் போனது. எந்தக் கடைக்காரி ரெண்டைக் குறைப்பாள் என்பது அவர் ஆட்களுக்குத் தெரியாததால் எல்லாரும் பத்தைக் குறைத்தார்கள். சீக்கிரமே லாரி நின்றுபோனது. ஹாஜி விட்டுப்போன டின்களில் ஒன்றில் இப்போது குடை வைக்கிறார்கள். இன்னொன்றில் ஒரு கோழி முட்டையிடுகிறது.

ஹாஜியின் ராஜ்யத்துக்கு எல்லைக்கோடு போட்டது தெத்தே இல்லை. காற்று.*

* என் மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னேன். “அதெல்லாம் எதுக்குய்யா, மூணாம் நம்பர் மெஷின்ல பெல்ட் மாத்தினியா?” என்றார். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

5

பொரித்த பிறகுதான் காற்று உள்ளே நுழைகிறது. காய்ந்த குருபுக் சின்ன வில்லை. ஒரு மூட்டையில் ஆயிரக்கணக்கில் அடங்கும். இது ஹாஜிக்கு லேட்டாகத்தான் உறைத்தது. உறைத்ததும் கிளம்பி வந்துவிட்டார். கையில் வாஜித் இனிப்பு ஒரு கட்டு, பச்சைப் பெயிண்ட் ஒரு டப்பா.

மழை விடாத வாரம். கூரைமேல் போட வேண்டிய தட்டிகள் பட்டறைக்குள் சாய்ந்து நின்றன. சிலவற்றில் பூஞ்சை. ஹாஜி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்தார். நல்ல மனிதர் என்றேனே.

“காய்ஞ்ச சரக்கு நான் அனுப்பறேன் மிமின். நீ பொரிச்சு டின்ல போட்டா போதும். நீ மாவு வாங்கிப் பிசையற செலவை விடக் கம்மி விலைதான்.”

“எத்தனை நாளைக்கு, பாக் ஹாஜி?” (பாக் என்றால் ஐயா.)

“வருஷம் முழுக்க. வெயிலு மழை எதுவும் பாக்கவேண்டாம். டின்ல மட்டும் என் பேரு இருக்கட்டும். பெயிண்ட்டு நானே கொண்டுவந்துட்டேன்.”

மாவுத் தொட்டியிலிருந்து தொப்பென்று ஒரு சத்தம். பிபி ஓனா மாவை அறைந்தார்.

“மழைக்கு மட்டும் அனுப்புங்களேன். வெயில்ல நானே பாத்துக்கறேன். வெயிலுக்கு யாரும் பில்லு அனுப்பறதில்ல.”

“அது முடியாதும்மா. எடுத்தா வருஷம் பூரா எடுக்கணும். அடுப்பு அணையக்கூடாது. அணைஞ்சா—” என்று ஆரம்பித்தவர் வெந்நீர் கேட்டார்.

“நான் மாட்டேன்னு சொன்னா?”

“சுபாங்ல பொரிக்காம, இங்கயே ஒரு ஆளைப் புடிச்சு பொரிக்க விடுவேன். ஒவ்வொரு கடையிலயும் உன் டின்னுக்கு முன்னாடி என் டின்னு ரெண்டு நிக்கும். அப்புறம் நீயே பாத்துக்கோ.” மெதுவாகத்தான் சொன்னார். “வியாழக்கிழமை காலைல லாரி வரும். அதுக்குள்ள யோசிச்சு வை.”

அவர் போனதும் பிபி ஓனா கையைக் கழுவாமலே வந்து நின்றார்.

“அப்ப நாங்க மூணு பேரு? எங்களை எங்க வைப்பே? டின்லயா?”

“டின்ல நீ அடங்கமாட்ட பிபி.”

“சிரிக்காத. கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

தெத்தே சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அந்தப் பதிலைத்தான் என்னை எழுதச் சொல்கிறார்.

6

புதன்கிழமை. மில் விடுமுறை. நான் எழுதுகிறேன். தெத்தே வாஜித்தைப் பிரித்துத் தின்றுகொண்டே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கதாபாத்திரம் எதிரில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தால் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று—

“ஒரு கதை எழுத என்ன செலவாகும் ஜாங்?”

“தாள், பேனா, காப்பி. அப்புறம் ஒரு மாசத்து லீவு.”

“அதையே ரெண்டாவது ஆளு படிக்க?”

“ஒண்ணும் ஆகாது.”

“ஆயிரம் பேரு?”

“அப்பவும் ஒண்ணும் ஆகாது.”

“அட! நொறுங்காது, நமுக்காது, டீசலும் வேணாம். ஹாஜி தொழிலை விட உன் தொழில் பெருசுடா. போன கதையை எத்தனை பேரு படிச்சாங்க?”

“ஒருத்தர்.”

“யாரு?”

“பத்திரிகை ஆசிரியர். திருப்பி அனுப்பிட்டாரு.”

தங்கப் பல் தெரியச் சிரித்தார். ஒரு வாஜித்தை என் பக்கம் தள்ளினார். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிற எனக்கு அதுவும் ஒரு எழுத்து வருமானம்தான்.

“எனக்கு ஒண்ணு புரியல ஜாங். கம்மி விலைக்குத் தர்ற மனுசன் எதுக்கு இனிப்பு வாங்கிட்டு வரணும்? வேணும்னா வந்து வாங்கிக்கோன்னு வீட்டுல உக்காந்திருக்கலாம்ல?”

மில்லில் கரண்ட் போகும்போது மேனேஜர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஓடுகிற இயந்திரம் தின்பதைவிட நிற்கிற இயந்திரம் தின்பது அதிகம். சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. தெத்தே கூரையைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே சொன்னார்: “அந்த அடுப்புக்குப் பசி. அது அணையாம இருக்க அவருக்குத்தான் வாங்கற ஆளு வேணும்.”

7

முடிவுகள். மூன்றையும் அவர் மொழியில் மாற்றிப் படித்துக் காட்டினேன்.

அ) தெத்தே ஒப்புக்கொள்கிறார். தட்டிகள் விறகாகின்றன. பிபி ஓனா மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார். சுபாங்கிலிருந்து கடல்வரைக்கும் குருபுக் ஒரே ருசி.

“ஏன் இழவு வீடு மாதிரி படிக்கிற? காசு வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு.”

“அப்ப கொஞ்சம் சந்தோசமா படி.”

ஆ) தெத்தே பெயிண்ட் டப்பாவைத் தூக்கி எறிகிறார். பிபி ஓனா கைதட்டுகிறார். (நிஜ பிபி ஓனாவும் தட்டினார்.) கதை முடிகிறது. மழை மட்டும் கதை முடிந்தது தெரியாமல் பெய்துகொண்டே இருக்கிறது.

“நல்லாத்தான் இருக்கு. அடுத்த மழைக்கு டின்ல எதைப் போடுவேன்? உன் கதையையா?”

இ) ஊரிலுள்ள சின்னப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு காஸ் அடுப்பு வாங்குகிறார்கள். எல்லாருக்கும் அடக்கவிலை குறைகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. படிக்கும்போது குரலை உயர்த்தினேன்.

“யாரு வீட்டுல வைக்கிறது?”

“பொதுவா ஒரு எடத்துல...”

“எந்த எடம்? என் மச்சினன் ஒரு பட்டறை வச்சிருக்கான். என் தம்பி ஒண்ணு வச்சிருக்கான். ரெண்டு பேரும் பெருநாளைக்குக்கூட ஒரே தட்டுல சாப்பிடமாட்டாங்க. முதல்ல யாரு தட்டி உள்ள போகும்னு கேட்டா, அடுப்பு சூடாகறதுக்கு முன்னாடி அவங்க சூடாயிடுவாங்க. நாலாவது முடிவு இருக்கா?”

“இல்ல தெத்தே.”

“கதை எழுதறவன்னு பேரு.”

எழுந்து உள்ளே போனார். பச்சைப் பெயிண்ட்டையும் ஒரு பிரஷ்ஷையும் கொண்டுவந்து என் தாளின் மேலேயே வைத்தார்.

“உன் கையெழுத்து அழகா இருக்கு. நாளைக்கு டின்ல பேரு மாத்தணும்னா நீதான் எழுதணும். மாத்தணுமா வேணாமான்னு காலைல சொல்றேன்.”

எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுத்து வேலை ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரை எழுதினால் பிபி ஓனா என் முகத்தில் விழிக்கமாட்டார். எழுதாவிட்டால், அடுத்த மழையில் இந்தப் பட்டறையில் அடுப்பு எரியாமல் போகலாம்.

ஆகவே பிரஷ்ஷை உங்கள் கையில் தருகிறேன். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். உங்கள்மேல் யாரும் மாவை எறிய முடியாது. தெத்தேவின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். என்னுடைய மூன்றையும் அடித்துவிடலாம். அதற்குச் செலவில்லை.

மறுநாள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதை முடிவு என்று சொல்லமாட்டேன்.

8

மறுநாள் காலை வெயில் அடித்தது. பிபி ஓனா தட்டிகளைக் கூரைமேல் ஏற்றினார். லாரி வந்தது. தெத்தே, “மழைக்கு மட்டும்தான், டின்ல என் பேருதான்,” என்றார். யாயத், “நீங்க என்ன சொன்னாலும் மூட்டையை இறக்கிட்டு வரச் சொல்லிட்டாரு ஹாஜி,” என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனான். மூட்டைகளை உள்ளறையில் அடுக்கினோம். டின்கள் மெலாத்தி என்ற பெயரோடு கடைகளுக்குப் போயின. நான் பச்சைப் பெயிண்ட்டைக் குளியலறைக் கதவுக்கு அடித்தேன்.