எதிரே உட்கார்ந்தவர்

மஞ்சள் ராஜாவுக்கு முன்னால் சிவப்பு ராணி நிற்கிறாள், ஆவுடையின் விரல் இன்னும் அவள் தலையைவிட்டு எடுபடவில்லை, எடுக்காதே, எடுத்தால் ஆட்டம் போச்சு என்று யாரோ சொல்கிறார்கள், திரும்பிப் பார்த்தால் குற்றாலிங்கம், செத்துப்போன புருஷன், ஈரத் துண்டோடு கதவோரம் நிற்கிறார், கனவில் அவருக்கு இந்த ஒரு வேலைதான், வந்து தடுப்பது, அன்று தடுக்க அவர் இல்லை. பலகை அவர் செய்தது, ஒட்டுப்பலகையை அறுத்து, எல்லோரும் ஆடும் சதுரங்கக் கட்டத்தை நடுவில் வரைந்து, நான்கு பக்கமும் மும்மூன்று வரிசை நீட்டி, தாயக்கட்டம் மாதிரி இருக்கே என்று ஆவுடை சிரித்தாளே, நாலு பேர் ஆடலாம் பாரு, எதிர்ல உக்கார்றவுக உனக்குக் கூட்டு, அவுக காயை நீ வெட்டக் கூடாது, அவுக ராஜாவுக்கு ஆபத்துன்னா நீதான் காக்கணும், ரெண்டு பக்கத்துலயும் இருக்கவன்தான் எதிரி என்று சொல்லித் தந்தார், கல்யாணமான புதிதில் அதைவிடச் சுலபமான சட்டம் வேறென்ன இருக்கிறது, எதிரே புருஷன், நிமிர்ந்து பார்த்தால் போதும், எந்தக் குதிரை எங்கே போகும் என்று புருவத்திலேயே தெரியும், இடமும் வலமும் மூத்தார் சங்கரலிங்கமும் கொழுந்தன் தளவாயும், பாவம், அவர்கள் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. ஜெயித்தவர் சொல்லைத்தான் வீடு கேட்கும், அது அந்த வீட்டுப் பழக்கம், எந்தப் படத்துக்குப் போவது, ஆடி அமாவாசைக்குப் பாபநாசமா திருச்செந்தூரா, இவ்வளவுதான் அப்போதெல்லாம், விளையாட்டு.

பெண்கள் அடுப்படிக்குப் போனபிறகு அண்ணன் தம்பிகள் வேறொரு மாதிரி ஆடுவார்கள், தனி ஆட்டம், அவனவன் அவனவனுக்கு, கடைசியில் எவன் ராஜா நிற்கிறதோ அவன் ஜெயித்தான், அந்தச் சத்தத்தைத்தான் ஆவுடை கேட்டிருக்கிறாள், ஏலே கூடப் பொறந்தவனையே வெட்டுதியே என்று சிரிப்பு, அவள் அதை ஆடியதில்லை. குற்றாலிங்கம் போய்க் கருமாதியும் முடிந்து, மதுரையில் டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்திருக்கு அத்தான், பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறேன் என்று அவள் சொன்னபோது சங்கரலிங்கம் கோபப்படவில்லை, வேட்டி மடிப்பை நீவிக்கொண்டு, நீ போம்மா, புள்ள இங்க வளரட்டும், நீ ஒண்ணு சொல்லுத, நாங்க ஒண்ணு சொல்லுதோம், ஆடித் தீத்துக்கிடுவோம் என்றார். அவர் பெண்டாட்டி பகவதிக்குப் பிள்ளையில்லை, ஆவுடையின் மகள் காந்திமதிக்குத் தலைபின்னும்போது சீப்பை மெதுவாகத்தான் இழுப்பாள், ஒரு பின்னலுக்கு ஒரு மணிநேரம், ஆவுடைக்குத் தெரியாமல் இல்லை. சரி என்று உட்கார்ந்தாள், தோற்றதே இல்லையே. இடப்பக்கம் தளவாய், வலப்பக்கம் பகவதி, எதிர் நாற்காலி காலியாக இருந்தது, அதைப் பார்க்கவே முடியவில்லை, அப்போது சங்கரலிங்கம் வந்து அதில் உட்கார்ந்து மஞ்சள் காய்களை அடுக்கினார், ஒன்றும் பேசவில்லை, தம்பி இடத்தில் தம்பி காயோடு, வாயால் சொல்ல மானம் தடுக்கிறது போலிருக்கிறது, மனசு நம் பக்கம்தான், பெண்டாட்டிக்குத் தெரியாமல் நம்மைக் கரையேற்றப் பார்க்கிறார் என்று ஆவுடை நினைத்தாள், கும்பிட வேண்டும்போல இருந்தது, மூத்தாரிடம் எந்தச் சட்டம் என்று எப்படிக் கேட்பது.

எப்படி ஆடினாள் அன்றைக்கு, அவர் சிப்பாய் ஒவ்வொன்றையும் தன் பிள்ளைபோலப் பார்த்து, வெட்டக் கிடைத்த மஞ்சள் யானையை விட்டுவிட்டு, தளவாய் அவளைப் பார்த்துப் பார்த்து மீசைக்குள் சிரித்தானே, அதுகூட உறைக்கவில்லை, பிறகு பகவதி தன் மந்திரியை இழுத்து மஞ்சள் ராஜாவுக்குச் செக் வைத்தாள், புருசனையே மறிக்கியேட்டி என்று எல்லோரும் சிரித்தார்கள், அடுத்த முறை ஆவுடையுடையது, யோசிக்கவேயில்லை, தன் ராஜாவுக்குக் காவல் நின்ற ராணியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குறுக்கே வைத்தாள், விரலை எடுத்தாள். தளவாய் ஏதோ ஒரு சிப்பாயைத் தள்ளினான். சங்கரலிங்கம் தன் ராணியை நேராக இறக்கினார், இறக்கி, செக்மேட் என்றார், இரைந்துகூடச் சொல்லவில்லை. அத்தான், தப்பா வச்சுட்டீங்க, அது என் ராஜா என்றாள் ஆவுடை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தெரியும்லா, தனி ஆட்டம்லா இது, கூட்டுக்கு இனி உனக்கு யாரு இருக்கா, என்றார் அவர். ராஜா விழுந்தவன் காய்கள் நின்ற இடத்திலேயே கல்லாகிவிடும், அசையாது, யாரையும் தடுக்காது, போகிறவர்கள் வேண்டுமானால் வெட்டிக்கொண்டு போகலாம், ஆட்டம் முடியும்வரை தோற்றவர் எழுந்திருக்கவும் கூடாது, அதுவும் வீட்டுப் பழக்கம், உட்கார்ந்திருந்தாள், மற்ற மூன்று பேரும் நிதானமாக ஆடினார்கள், பகவதி நடுவில் முறுக்குத் தட்டு கொண்டுவந்து வைத்து அவளுக்கும் ஒன்று எடுத்து நீட்டினாள், கையில் வாங்கினாள், அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை, வாங்கினாளே. ஒத்துக்கிட்டுத்தான உக்காந்த என்று பிறந்த வீட்டில் அண்ணனும் சொல்லிவிட்டான். பஸ் ஏறும்போது காந்திமதி பகவதி இடுப்பில் இருந்தாள், இடுப்பில் வைக்கிற வயசுகூட இல்லை, கால் தொங்குகிறது, பஸ் நகர்கிறதா, வீடு நகர்கிறதா, ஈரத் துண்டோடு அவர் நிற்கிறார், எடுக்காதே.

ஆவுடை ஓய்வு பெற்றபிறகு காந்திமதியே வந்து கூட்டிக்கொண்டு போனாள், பாளையங்கோட்டையில் அவள் வீட்டுக்கு, தட்டில் சோறு, மாத்திரை, மின்விசிறி, ஒரு குறையும் வைக்கவில்லை, பெரியப்பா பெரியம்மை காரியமெல்லாம் முடிந்து அவர்கள் பங்காக வந்த பலகை அலமாரிமேல் இருந்தது, ஆவுடை அதைப் பார்ப்பதைப் பார்த்து மகள் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள், எம்மா, நான் இதுல ஆடித்தான் வளந்தேன், கூட்டும் தெரியும் தனியும் தெரியும், தனி ஆட்டத்துல எதிரி ராஜாவுக்கு முன்னால ராணியக் கொண்டு நிறுத்துனா ஒண்ணு அவ பைத்தியமா இருக்கணும், இல்ல தோக்கணும்னே உக்காந்திருக்கணும், நீ பைத்தியம் இல்லயே. ஆவுடைக்கு வாயில் சோறு. கூட்டுன்னு நெனச்சேன்ட்டி என்றாள். அப்படின்னு யாரு சொன்னா. யாரும் சொல்லலை. நீ கேட்டியா. இல்லை. பெரியம்மையும் அதத்தான் சொல்லுவா, உங்கம்மை வேணும்னே விட்டுட்டுப் போனா, நாங்க பறிக்கலன்னு, என்று சொல்லிவிட்டு, ரசம் ஊத்தட்டுமா என்றாள் காந்திமதி.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் பலகையைத் துடைத்து இறக்கினார், அவர் இடப்பக்கம், அவர் தங்கை வலப்பக்கம், வாங்க அத்தே, நாலாவது ஆளு வேணும் என்று ஆவுடையைச் சிவப்புக்கு முன்னால் உட்காரவைத்தார்கள், எதிர் நாற்காலியில் மகள் வந்து உட்கார்ந்து மஞ்சளை அடுக்குகிறாள், அப்பாவின் புருவம், அதே வளைவு, ஆனால் அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆவுடை ராணியை அதன் கட்டத்தில் வைத்தாள், விரலை எடுக்கவில்லை. ஏ காந்தி, இது கூட்டா, தனியா என்று கேட்டாள். மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்து மனைவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காந்திமதி மஞ்சள் ராஜாவை நடுவில் நிறுத்தி, நேராக இருக்கிறதா என்று பார்த்து, நிமிராமலே, இதக் கேக்க இன்னைக்குத்தான் வாயி வந்துச்சாக்கும் என்றாள், எது என்று மட்டும் சொல்லவில்லை, சிவப்புக்குத்தான் முதல் ஆட்டம், மூன்று பேரும் காத்திருக்கிறார்கள்.