எட்டாம் நம்பர் கால்

பேண்டி என்றால் ஐஸ் மேல் ஸ்கேட் கட்டிக்கொண்டு, வளைந்த மட்டையால் பந்தடிக்கும் ஆட்டம். நெய்வேலியில் ஐஸ் கரும்புஜூஸ் கடையில்தான் இருக்கிறது. அதனால் பாஸ்கெட்பால் தரையில் ரோலர் ஸ்கேட் கட்டி மூன்று வருஷம் ஆடினோம். இரண்டு முட்டியும் தேய்ந்ததற்குப் பலனாக எனக்கு ஒரே ஆசை: இமாச்சலத்தில் நடக்கும் தேசிய முகாமுக்குப் போய் நிஜ ஐஸில் ஆட வேண்டும்.

முகாம் பட்டியலில் என் பெயர் இல்லை. மாநிலச் சங்கச் செயலாளர் ஜெயப்பிரகாஷின் மகள் இசைப்பிரியாவின் பெயர் இருந்தது. கேலரியில் உட்கார்ந்து எங்களைச் செல்போனில் படம் எடுத்தது தவிர அவள் எதுவும் ஆடியதில்லை.

தேசிய சம்மேளனத்திலிருந்து ஒரு மேடம் ஆய்வுக்கு வந்த அன்று, முதுகில் இசைப்பிரியா என்று அச்சடித்த பனியனை ஜெயப்பிரகாஷ் என்னிடம் நீட்டினார்.

"இன்னிக்கு மட்டும் போட்டுக்கம்மா. பதினோரு பேரு ஆடிக் காட்டினாத்தான் சங்கத்துக்கு அங்கீகாரம்."

"எம்பேரு இன்னாத்துக்கு சார் இல்ல?"

"உங்கப்பா மைன்ஸ்ல கான்ட்ராக்ட்தானே? அந்த மாதிரி நெனச்சிக்க. வேலையப் பாரு, பேரு கேக்காத." சிரிப்பு வேறு.

"போட்டுக்கடி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள் கோல்கீப்பர் ஸ்டெல்லா. பெர்மனென்ட் ஆவதற்கு அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றுதான் எங்கப்பாவுக்கு இருபது வருஷம் போனது.

போட்டுக்கொண்டேன். என் ஆட்டத்தைப் பார்த்தாலாவது மேடம் ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். முதல் பாதியில் மூன்று கோல் போட்டேன்.

இடைவேளையில் மேடம் பட்டியலோடு வந்து ஒவ்வொருத்தி காலையும் அளந்தார். முகாமில் தரப்போகும் ஐஸ் ஸ்கேட்டுக்காக. இசைப்பிரியாவுக்கு நேரே ஐந்து என்று இருந்தது. என் கால் எட்டு.

"கால் வீங்கியிருக்கு" என்று ஜெயப்பிரகாஷ் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். ஆங்கிலம் எனக்கும் வரும்.

"வீக்கம் இல்லை. என் பெயர் தமிழ்நிலா. பனியனில் இருப்பது இவர் மகள் பெயர்" என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். "பெயரை உங்கள் செயலாளர்தான் எழுதி மாற்ற வேண்டும். நான் அளவைத் திருத்தலாம்." ஐந்தை அடித்து எட்டு என்று எழுதினார். பெயர் இசைப்பிரியா, கால் என்னுடையது.

அவர் நகர்ந்ததும் ஜெயப்பிரகாஷ் கிட்டே வந்தார். "கேட்டாண்ட சுத்திக்கினு இருந்தவள உள்ள வுட்டது நானு. ஞாபகம் இருக்கா?"

"பேர மாத்தி எழுதுங்க. இப்பவே. ஆடறேன்."

"மாட்டேன். பெரிய ஸ்கேட்டு வந்தா எம்பொண்ணு பஞ்சு வெச்சி போட்டுக்குவா. போயி நில்லு."

ஸ்கேட்டை அவிழ்த்தேன். பனியனைக் கழற்றி அவர் மேஜைமேல் போட்டுவிட்டு என் பழைய டீஷர்ட்டோடு நின்றேன். எனக்கும் ஐஸ் போச்சு. தெரிந்துதான் கழற்றினேன்.

"பேருக்குச் சொந்தக்காரி கேலரியில குந்திக்கினுதான இருக்கா. எறங்கி ஆடச் சொல்லுங்க."

தரையில் பத்துப் பேர். மேடம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜெயப்பிரகாஷ் கேலரியைப் பார்த்துக் கையாட்டினார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கேட்டைத் தாண்டும்போது இசைப்பிரியாவின் குரல் மட்டும் கேட்டது.

"அப்பா, ஸ்கேட்டுல எனக்கு நிக்கவே தெரியாதுப்பா."